கடை மாணாக்கருக்காகச் சில சொற்கள்

ஜூன் 19 கேரளத்தில் வாசிப்பு நாள். 1945இல் அம்பலப்புழையில் 47 ஊர் நூலகங்களை ஒன்றுகூட்டித் திருவிதாங்கூர் நூலக இயக்கத்துக்கு வித்திட்ட பி. என். பணிக்கர் மறைந்த நாள் அது. அன்று பள்ளிகளில் உறுதிமொழி எடுக்கப்படும். நூலகங்களில் கூட்டம் நடைபெறும். முகநூலில் அடுக்கிவைத்த நூல்களின் ஒளிப்படங்கள் நிறையும். இவ்வாண்டு அப்படங்களுக்கிடையே நண்பர் ஒருவரின் பதிவையும் கண்டேன். திருவனந்தபுரத்தில் தமிழ் வாசகர் என்று சொல்லத்தக்கவர்களை இரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம், எஞ்சியோர் புரட்டுபவர்களும் கேட்பவர்களுமே என்பது அதன் சாரம். அவர் சினத்தால் எழுதவில்லை, கவலையால் எழுதியிருந்தார். நானும் அதற்கு ஒரு விருப்பக்குறி இட்டேன். அன்று மாலையே அதனை நீக்கிக்கொண்டேன். ஏன் நீக்கினேன் என்பதை அவருக்கும், அவரைப் போலவே எண்ணும் என் துறை நண்பர்களுக்கும் விளக்கவே இந்நெடும்பதிவு.

வாசிப்போரைத் தரம் பிரிக்கும் பழக்கம் நமக்குப் புதியதன்று. நன்னூலின் பொதுப்பாயிரத்தைப் படித்தவர்கள் பவணந்தியார் மாணாக்கரை எட்டு உவமைகளால் மூவகைப்படுத்துவதை அறிவர். அன்னமும் பசுவும் தலை மாணாக்கர். மண்ணும் கிளியும் இடை மாணாக்கர். இல்லிக்குடம், ஆடு, எருமை, பன்னாடை ஆகிய நான்கும் கடை மாணாக்கர். பாலை நீரினின்று பிரித்துக் கொள்வது அன்னம். வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடுவது பசு. உழுபவனின் உழைப்புக்கேற்ப விளைவது மண். சொல்லிக்கொடுத்ததையே திருப்பிச் சொல்வது கிளி. ஊற்றியதையெல்லாம் ஒழுகவிடுவது ஓட்டைக்குடம். ஒரு செடியில் நில்லாமல் இங்கொரு தழையும் அங்கொரு தழையுமாகக் கடிப்பது ஆடு. குளத்தைக் கலக்கிவிட்டுக் குடிப்பது எருமை. நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசட்டைத் தன்னிடம் நிறுத்திக்கொள்வது பன்னாடை.

அழகிய வகைப்பாடு இது. அதன் இடத்தில் பொருத்தமானதும் ஆகும். ஆசிரியரிடம் பாடம் கேட்கும் மாணாக்கனைப் பற்றியே பவணந்தியார் பேசுகிறார். அவனுக்கு ஒரு கடமை உண்டு: கேட்டதைப் பிழையின்றிக் கொள்ள வேண்டும், பிறருக்கு உரைக்க வேண்டும். சிக்கல் நன்னூலில் இல்லை. அதனைப் பாடசாலையிலிருந்து வெளியே எடுத்துவந்து, கதை படிப்பவர், பாட்டுக் கேட்பவர், இரவில் உறக்கம் வராமல் பழைய இதழைப் புரட்டுபவர் என எல்லோர் மீதும் வைத்து அளக்கும் நம் பழக்கத்தில்தான் இருக்கிறது. நூலை நாடும் ஒவ்வொருவரையும் நாம் தேர்வெழுதப்போகும் மாணவராகவே காண்கிறோம். அதனால் அன்னமும் பசுவும் மட்டுமே நம் கண்ணுக்கு வாசகராகத் தென்படுகின்றன. ஆட்டையும் ஓட்டைக்குடத்தையும் கிளியையும் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டு, ஊரில் வாசகரே இல்லை என்று வருந்துகிறோம்.

நான் குடியிருப்பது கரமனையில். ஆற்றங்கரையை ஒட்டிய அக்கிரகாரத் தெருக்களில் ஒன்றில், என் அறைக்கு இரண்டு வீடு தள்ளி, எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி இருக்கிறார். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம் என்று வளர்ந்தவர். தமிழெழுத்தைத் தாயாரிடம் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதும் தொடர்கதை படிப்பதற்காகவே. 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் 'பொன்னியின் செல்வன்' வெளிவந்தபோது, அவருடைய தாயார் வாரந்தோறும் அப்பக்கங்களைப் பிரித்தெடுத்து, பாகம் பாகமாகத் தைத்து வைத்தார். மணியத்தின் ஓவியங்கள், கதைக்கு நடுவே வரும் பழைய விளம்பரங்கள், ஓரத்தில் யாரோ போட்ட பால் கணக்கு எல்லாம் சேர்ந்த அத்தொகுதிகள் இன்றும் அவர் வீட்டு அலமாரியில் உள்ளன. பார்வை மங்கியதால் படித்துச் சொல்ல ஆள் தேடினார். ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தெருவில் குடிவந்திருப்பதை அறிந்து என்னை அழைத்தார். ஓராண்டுக்கும் மேலாக, வாரத்தில் மூன்று மாலை நேரங்களில் நான் அவருக்குப் படித்துக்காட்டி வருகிறேன்.

அத்தொகுதி ஒன்றில் ஒரு வாரப் பக்கங்கள் இல்லை. அந்த வாரம் இதழ் வீட்டுக்கு வரவில்லை. அவ்விடம் வந்ததும் நான் நிறுத்தினேன். "நிறுத்தாதே கொழந்தே, அந்த எடத்தை நான் சொல்றேன்" என்றார் பாட்டி. சொன்னார். அவருடைய தாயார் இடைவெளியை நிரப்ப ஒரு கதை சொல்லியிருக்கிறார்; எழுபது ஆண்டுகளாக அதுவே அவ்வீட்டின் பாடம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அடுத்த மாலை அச்சுப் பதிப்பொன்றைக் கொண்டுபோய் விடுபட்ட இயலை முழுமையாகப் படித்தேன். ஒரு மூலபாட ஆய்வாளனுக்குரிய பெருமிதத்தோடு நிமிர்ந்து பார்த்தேன். பாட்டி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நன்னா இருக்கு. ஆனா இது அச்சுக்காராளோட கதை. நம்மாத்துக் கதை வேறேயாக்கும்" என்றார். மறுநாள் முதல் அவ்விடத்தில் பழைய கதையே தொடர்ந்தது.

அன்று எனக்கு அது ஒரு வேடிக்கையாகத்தான் பட்டது. பிறகு யோசித்தேன். அவருக்கு முந்தைய வாரம் படித்தது மறந்துபோகிறது. யார் யாருக்கு என்ன உறவு என்பதை ஒவ்வொரு முறையும் கேட்கிறார். நன்னூலார் அளவுகோலின்படி அவர் தெளிவான இல்லிக்குடம். ஆயினும் ஒரே கதையை வாழ்நாளில் எத்தனை முறை என்று அவருக்கே தெரியாத அளவுக்குக் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பதறுகிறார், அதே இடத்தில் சிரிக்கிறார். சிவன் கோயில்களில் இலிங்கத் திருமேனிக்கு மேலே தாராபாத்திரம் தொங்குவதை நாம் கண்டிருக்கிறோம். அடியில் துளையுள்ள கலம் அது. துளை இல்லாவிட்டால் அதனால் பயனில்லை. ஒழுகுவதே சில கலங்களின் தொழில். மறந்து மறந்து மீண்டும் சுவைப்பதும் ஒரு வாசிப்பே என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஓராண்டு பிடித்தது.

ஆட்டின் வழக்குக்கு வருகிறேன். நுனிப்புல் மேய்தல் என்று நாம் இகழும் வாசிப்பு இது. திருவனந்தபுரத்துத் தமிழுக்கு இந்த ஆடுகள் செய்த நன்மையை எண்ணிப் பாருங்கள். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்து, இந்நகரிலேயே வாழ்ந்து 2007இல் மறைந்த நகுலனை அவர் வாழ்நாளில் படித்தோர் ஒரு சிறு வட்டத்தினரே. இன்று அவருடைய நாவல்களை முழுமையாகப் படிக்காத எத்தனையோ இளைஞர்கள் அவருடைய சிறு கவிதைகளை நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்கிறார்கள். இது முழு வாசிப்பு அன்று என்பது உண்மை. ஆனால் ஒரு தழையைக் கடித்த ஆடு அதே செடிக்குத் திரும்பி வருவதில்லை என்று யார் சொன்னார்? அவ்வாறு ஒரு கவிதையில் தொடங்கி 'நினைவுப்பாதை'க்கு வந்து சேர்ந்தவர்களை நான் அறிவேன். வராமல் அந்த ஒரு கவிதையோடு நின்றவர்களையும் அறிவேன். அவர்களிடமும் அந்தக் கவிதை இருக்கிறது.

ஆ. மாதவனை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் மலையாளத்தில் பயின்று, தமிழைத் தம் முயற்சியால் கற்றுக்கொண்டவர் அவர். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே 'கிருஷ்ணப் பருந்து', 'புனலும் மணலும்' போன்ற நாவல்களையும் அத்தெருவின் மாந்தர்களைப் பற்றிய சிறுகதைகளையும் எழுதினார். கடையில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு நூலை ஒரே இருப்பில் படித்து முடிக்க வாய்க்காது என்பதை அறிய ஆராய்ச்சி தேவையில்லை. வாடிக்கையாளர் ஒருவர் வந்தால் நூலைக் கவிழ்த்து வைக்க வேண்டும். 2015இல் அவருக்குச் சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றுத்தந்த நூல் எது? அவருடைய புகழ்பெற்ற நாவல்களில் ஒன்றன்று. 'இலக்கியச் சுவடுகள்' என்னும் கட்டுரைத் தொகுதி. படைப்பாளரின் வாழ்நாள் வாசிப்பே இறுதியில் விருது பெற்றது என்று நான் இதனைப் புரிந்துகொள்கிறேன். அந்த வாசிப்பு எந்தக் கல்லூரியிலும் முறையாகக் கற்றதன்று. அவராகத் தேடித் தேடி மேய்ந்தது.

கிளியை நன்னூலார் கடைநிலையில் வைக்கவில்லை, இடையில் வைத்தார். நாமோ இன்று அதற்கும் கீழே இறக்கிவிட்டோம். மனப்பாடம் என்றாலே முகம் சுளிக்கும் கல்விச் சூழல் நம்முடையது. பாலக்காடு, திருச்சூர், மலப்புறம் பகுதிகளின் பகவதி கோயில்களில் நிகழும் தோற்பாவைக் கூத்தை நினைத்துக்கொள்கிறேன். கூத்துமாடத்தின் திரைக்குப் பின்னால் விளக்குகள் வரிசையாக எரிய, இரவு முழுவதும் கம்பன் பாடல்கள் ஓதப்படுகின்றன. அவற்றுக்குத் தமிழும் மலையாளமும் கலந்த உரை சொல்லப்படுகிறது. திரைக்கு முன்னால் பல இரவுகளில் ஒருவரும் இருப்பதில்லை. பகவதி கேட்கிறாள் என்பதே கூத்தருக்குப் போதும். தமிழெழுத்தைப் பள்ளியில் கல்லாத, வீட்டில் மலையாளம் பேசும் கலைஞர்களின் நாவில், தலைமுறை தலைமுறையாகக் கேட்டுப் படித்த கம்பன் வாழ்கிறான். இவர்களைத் தமிழ் வாசகர் பட்டியலில் சேர்க்கலாமா, கூடாதா? சேர்க்கக் கூடாது என்றால், கம்பராமாயணத்தைப் பருவத் தேர்வுக்காகப் பத்துப் பாடல்கள் மட்டும் படித்த நம்மில் பலரை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

இந்நகரிலேயே இன்னொரு சான்றும் உண்டு. மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராக இருந்த பெ. சுந்தரம்பிள்ளை 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தை வெளியிட்டார். மேடைக்கென்றன்றிப் படிப்பதற்கென்றே எழுதப்பட்ட நாடகம் என்று அதனை இலக்கிய வரலாற்றார் குறிப்பர். ஆனால் நூலுக்கு நேர்ந்தது என்ன? அதன் தமிழ்த்தெய்வ வணக்கப் பகுதி 1970இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களின் தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று. 2021இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. கோடிக்கணக்கானோர் அதனைச் செவியாலும் வாயாலும் அறிவர். நாடகத்தைக் கையில் எடுத்தவர்கள் சிலரே. படிக்க எழுதிய நூல், பாடப்படுவதால் நிலைத்தது. தம் நூலை மக்கள் எந்த வழியில் சுவைப்பார்கள் என்பதை அதன் ஆசிரியரே தீர்மானிக்க முடியாதபோது, நாம் யார் தீர்மானிக்க?

செவிவழி வாசிப்பை இரண்டாந்தரமாக எண்ணுவதற்கு வரலாற்றிலும் ஆதாரம் இல்லை. தனியே அமர்ந்து மௌனமாகப் படிப்பதே இயல்பான வாசிப்பு என்ற எண்ணம் தமிழ்ச் சமூகத்தில் வேரூன்றிப் பல காலம் ஆகவில்லை. 'பிரதாப முதலியார் சரித்திரம்' அச்சானது 1879இல். அதற்குப் பின் நாவல் பரவியபோதுதான் வாய்விட்டுப் படித்தல் மெல்லப் பின்வாங்கி, மௌன வாசிப்பு நடுத்தர வர்க்கத்தின் பழக்கமாயிற்று என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'நாவலும் வாசிப்பும்' விரிவாகப் பேசுகிறது. அதுவரை ஒருவர் படிக்கப் பலர் கேட்பதே நூலின் வாழ்க்கை. பெரிய எழுத்துப் பதிப்புகள் திண்ணையிலும் தாழ்வாரத்திலும் உரக்கப் படிக்கப்பட்டவை.

கேரளத்தில் இவ்வழக்கம் ஓர் அரசியல் ஆற்றலாகவே மாறியது. கண்ணூர்ப் பகுதிப் பீடிப் பட்டறைகளில் தொழிலாளர்களுள் ஒருவர் நாளிதழையும் நாவலையும் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் இலையை வெட்டிச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவர் அந்நேரத்தில் சுற்றவேண்டிய பீடிகளைக் கேட்பவர்கள் பகிர்ந்துகொண்டு சுற்றிக் கொடுப்பார்கள். வாசிப்புக்கு இதைவிட உயர்ந்த விலையை யாரும் கொடுத்ததாக எனக்குத் தெரியவில்லை. கியூபாவின் சுருட்டு ஆலைகளிலும் 1865 முதல் இவ்வழக்கம் இருந்தது. அங்கே தொழிலாளர்கள் விரும்பிக் கேட்ட டூமாவின் நாவலின் பெயரே 'மாண்டிகிறிஸ்டோ' சுருட்டுக்கும் அமைந்தது என்பர்.

இவ்விடத்தில் நன்னூலாரையே சாட்சிக்கு அழைக்கலாம். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு நன்றாகக் கொண்டாலும் மாணாக்கனுக்குக் கிட்டுவது காற்பங்கு புலமையே என்கிறார் அவர். உடன்பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கு, தான் பிறருக்கு எடுத்துச் சொல்வதால் வருவது. அன்னத்தைத் தலையில் வைத்த அதே ஆசிரியர், புலமையின் முக்காற்பங்கு கூட்டத்தில்தான் விளைகிறது என்றும் கணக்கிட்டிருக்கிறார். நாம் முதல் கணக்கை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டோம்.

இனி எஞ்சியவை எருமையும் பன்னாடையும். இவ்விரண்டுக்காகவும் வழக்காட எனக்குத் துணிவில்லை. ஏனெனில் இவை நாம்தாம். நூலகப் படிகளின் ஓரங்களில் பென்சிலால் கோடிட்டும் கேள்விக்குறியிட்டும் அடுத்தவருக்குக் குளத்தைக் கலக்கி வைப்பவர்கள் பெரும்பாலும் ஆய்வாளர்களே. அதனையேனும் மன்னிக்கலாம், கலங்கிய குளமும் சில நாளில் தெளியும். பன்னாடைத்தனம் அப்படிப்பட்டதன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில் நாவல் ஒன்றைப் பற்றிக் கட்டுரை வாசித்தேன். இருபது மேற்கோள்கள், மூன்று கோட்பாடுகள். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து இளங்கலை மாணவி ஒருவர் எழுந்து, "இந்த நாவலில் உங்களுக்கு மிகவும் பிடித்த இடம் எது?" என்று கேட்டார். அவையில் சிரிப்பெழுந்தது. அவைத்தலைவர் "அடுத்த கேள்வி" என்றார். நானும் சிரித்தேன், ஆனால் என்னிடம் விடை இல்லை. அந்நாவலை நான்கு முறை படித்திருந்தேன். கட்டுரைக்கு வேண்டியதெல்லாம் என் அட்டைகளில் தங்கியிருந்தது. நெய் எப்போது வடிந்துபோனது என்றே தெரியவில்லை.

என் பட்டத்துக்கு அந்நிகழ்வால் எந்தக் குறையும் நேரவில்லை. நம் நிறுவனங்கள் எண்ணுவது கட்டுரைகளை. படித்து மகிழ்ந்த இடங்களை அல்ல. இதற்கு யாரையும் பழிக்க வேண்டியதில்லை; மகிழ்ச்சியை அளக்கும் படிவத்தை யாராலும் அச்சிட முடியாது. ஆனால் ஆண்டுக்கணக்கில் பென்சிலோடு மட்டுமே நூலைத் தொட்டவர், பென்சில் இல்லாமல் நூலைத் திறக்க இயலாதவராகிறார். நான் அப்படி ஆகியிருந்தேன். பாட்டிக்காகப் படித்த மாலைகளில் கையில் பென்சில் இல்லை, அவர் அனுமதிக்கவில்லை. "அம்மா தைச்சு வெச்ச புஸ்தகம், அதுல கோடு போடப்படாது" என்றார். அப்போதுதான் நெடுநாளுக்குப் பின் ஒரு கதையின் அடுத்த பக்கத்தை அறியும் ஆவல் எனக்குள் எழுந்தது. வாசகர் இல்லாத ஊர் என்று நாங்கள் வருந்திய ஊரில், வாசிப்பை இழந்திருந்தது நான்தான். அதை வைத்திருந்தது அந்த இல்லிக்குடம். விருப்பக்குறியை நீக்கியதன் காரணம் இதுவே.

'அப்படியானால் எல்லா வாசிப்பும் ஒன்றே என்கிறாயா?' என்று நண்பர்கள் கேட்பார்கள். இல்லை. மூலபாடத்தைச் சரிபார்ப்பவர் பாட்டியைப் போல இடைவெளியைத் தம் கதையால் நிரப்பக் கூடாது. சட்டம் படிப்பவர் ஆட்டைப் போல மேயக் கூடாது. உ. வே. சா. சுவடி சுவடியாக ஒப்பிட்டுப் படித்த பொறுமை இல்லாவிட்டால் சங்க நூல்களை நாம் இன்று இவ்வடிவில் கையில் கொண்டிருக்க மாட்டோம். அன்னத்தின் தேவை குறையவில்லை. நான் மறுப்பது ஒன்றைத்தான்: ஒரு தொழிலுக்குரிய வாசிப்பை எல்லா வாழ்க்கைக்கும் உரிய அளவுகோலாக்குவதை. பிரெஞ்சு எழுத்தாளரும் பள்ளி ஆசிரியருமான தானியேல் பென்னாக் 1992இல் வாசகரின் உரிமைகள் பத்தை வகுத்தபோது, பக்கங்களைத் தாண்டும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை, மீண்டும் படிக்கும் உரிமை, உரக்கப் படிக்கும் உரிமை, ஏன், படிக்காமலிருக்கும் உரிமையையும் அதில் சேர்த்தார். மாணவர்கள் நூலை வெறுப்பதைக் கண்ட ஓர் ஆசிரியரின் பட்டியல் அது. சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளிலும் வாசகர் உண்டு, நூல் உண்டு, அவரவர் நேரத்தின் அருமை உண்டு. வாசகரின் தரவரிசை மட்டும் எங்கும் இல்லை.

இன்னொரு தடையும் உண்டு. அதனைச் சொல்லாமல் இப்பதிவை முடிக்க இயலாது. பாட்டியின் பேத்திக்குத் தமிழெழுத்துத் தெரியாது. கரமனையிலும் சாலையிலும் கோட்டைப் பகுதியிலும் வீட்டில் தமிழ் பேசி வளரும் பிள்ளைகள் பலரின் நிலை இதுவே. அப்பெண் பாட்டியின் அருகில் அமர்ந்து நான் படிப்பதைக் கேட்கிறாள். பிடித்த சொற்றொடர்களை மலையாள எழுத்தில் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறாள். ஒருநாள் அதனை என்னிடம் காட்ட நேர்ந்தபோது வெட்கப்பட்டாள். தவறு செய்துவிட்டவளைப் போல. அவளுக்கு அவ்வெட்கத்தைக் கற்பித்தவர்கள் நம்மைப் போன்றோரே. தமிழை வட்டெழுத்தில் எழுதிய நாடு இது. தமிழை அரபி எழுத்தில் எழுதி, அரபுத்தமிழ் என்னும் வளமான நூல்வரிசையையே தமிழகத்து, இலங்கை முஸ்லிம்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அவை தமிழ் நூல்கள் அல்ல என்று எந்த ஆய்வாளரும் இன்று சொல்வதில்லை. அந்தக் குறிப்பேடும் தமிழ்க் குறிப்பேடே. தமிழெழுத்தையும் அவள் கற்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன். ஆனால் அவளுடைய பாட்டி எழுத்தைக் கற்றது கதையின் ஆவலால். ஆவல் முன்னால் வந்தது. எழுத்துப் பின்னால் வந்தது. நாம் வரிசையை மாற்றிவிட்டு, எழுத்துத் தெரியாதவர்க்குக் கதை இல்லை என்கிறோம்.

ஆகவே, துறைகளிலும் தமிழ் அமைப்புகளிலும் உள்ள நண்பர்களுக்கு மூன்று சிறு வேண்டுகோள்கள். முதலாவது, முதுகலை வகுப்பில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒரு நூலை உரக்கப் படிப்போம். குறிப்பெடுத்தல், தேர்வு, கோட்பாடு எதுவும் வேண்டாம். இரண்டாவது, இந்நகரில் நடக்கும் தமிழ்க் கூட்டங்களில் நூலைப் 'பற்றி'ப் பேசும் நேரத்தில் பாதியையேனும் நூலைப் படிப்பதற்கு ஒதுக்குவோம். கேட்க மட்டுமே வருபவர்க்கும், எழுத்தறியாமல் வரும் பிள்ளைக்கும் முன்வரிசையில் இடம் வைப்போம். மூன்றாவது, ஊரில் எத்தனை வாசகர் என்று கணக்கெடுக்கும்போது, படித்து முடித்தோரோடு நில்லாமல், யாருக்கேனும் படித்துக் காட்டுவோரையும், யாரேனும் படிக்கக் கேட்போரையும் எண்ணுவோம். 1829 முதல் ஒரு பொது நூலகத்தைப் பேணிவரும் நகரத்துக்கு இது பெரிய வேலையன்று.

எனக்காக நான்காவது ஒன்றையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வோராண்டும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி திருமேனி ஊர்வலமாகக் கரமனை வழியே இந்நகருக்குள் வருகிறது. கம்பர் வழிபட்ட திருமேனி என்பது மரபு. அந்நாட்களில் இங்கே வீடுதோறும் பூஜைவைப்பு உண்டு: நூல்களை அடுக்கி வைத்துவிட்டால் விஜயதசமி வரை அவற்றைத் தொடக் கூடாது. சிறு வயதில் நூலின் மீது பெரும் ஆசை வந்ததெல்லாம் படிக்கக் கூடாத அந்நாட்களில்தான். இவ்வாண்டு நூல்களோடு என் பென்சிலையும் வைக்கப்போகிறேன். விஜயதசமி அன்று நூல்களை மட்டும் எடுத்துக்கொள்வேன். பென்சில் சில நாள் அங்கேயே இருக்கட்டும்.

நாளை மாலை பாட்டி வீட்டுக்குப் போகவேண்டும். இரண்டாம் முறையாக அந்த விடுபட்ட வாரம் வருகிறது. இம்முறை அவ்விடத்தைப் பேத்தி சொல்லப்போகிறாளாம்.